நிமிடத்துக்கு இரண்டு அடி

பொதட்டூர்பேட்டையில் ஒலிப்பதிவு என்றால்
ராத்திரி ஒன்றரைக்கு மேல்தான்.
கன்னியப்பன் தறிக்கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில்
ஒற்றைச் செங்கல் சுவர்.
முட்டை அட்டை, பழைய கோணி,
கிழிந்த மெத்தையின் பஞ்சு,
எல்லாம் ஒட்டிப் பார்த்தாயிற்று.
தறி எதற்கும் மசியவில்லை.
ஒன்றரைக்கும் ஏதோ ஒன்று ஓடுகிறது
தெருக்கோடியில்.

நகரியிலிருந்து சந்திரகளா பாடி அனுப்பினாள்.
எட்டு வரி, போனில் பதிந்தது.
மூன்றாவது வரியில் மூச்சு தட்டினாலும்
நல்ல குரல்.
அதனடியில், சோற்றில் கல் மாதிரி,
டடக் டடக் டடக்.
அவள் ஊரிலும் தறி.
எல்லை தாண்டினால் பலகையில் எழுத்து மாறும்,
பஸ்ஸின் நிறம் மாறும்,
பிராந்தி விலை மாறும்.
இந்த ஓசையை மட்டும்
எந்தச் சாவடியிலும் நிறுத்திக் கேட்கவில்லை.

கழித்துவிடலாம் என்று நினைத்தேன்.
ஓர் ஒலியைத் தலைகீழாக்கி
அதன்மேலேயே வைத்தால்
ஒன்றுமில்லாமல் போகும். கணக்கு அப்படித்தான்.
ஆனால் அவளுடைய தறி மட்டும் தனியாக
என்னிடம் ஏது?
மைக்கைச் சுவரில் சாய்த்துக்
கன்னியப்பனின் தறியைப் பிடித்தேன், புரட்டினேன்,
அடிக்கு அடி பொருத்தி மேலே வைத்தேன்.
முதல் இரண்டு பொருந்தின.
பிறகு நழுவல்.

அவளுடையது நிமிடத்துக்கு நூற்றுப்பத்து.
எங்களுடையது நூற்றுப்பன்னிரண்டு.
முப்பது நொடிக்கு ஒருமுறை
ஒன்றின்மேல் ஒன்று படிந்து
அந்த அடி மட்டும் மெலியும்.
பிறகு இது அதைத் தாண்டிப் போகும்,
சைக்கிளில் போகிறவன் தெரிந்தவனைக் கண்டு
கொஞ்ச தூரம் பக்கத்திலேயே மிதித்து
பேசிவிட்டு முந்துகிற மாதிரி.
அந்தப் பேச்சு நேரத்தில்
ஒரு காற்று சுழல்கிறது.
குடத்தில் தண்ணீர் ஏறும்போது
சத்தமும் மேலே ஏறுமே, அது.
ஆனால் குடம் நிறைவதேயில்லை.

இதையேதான் ஃபேஸர் என்று பெயரிட்டு
நாலாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள்.
தவணையில் வாங்கி வைத்திருக்கிறேன்,
இன்னும் இரண்டு மாதம் பாக்கி.
திரையில் நாலு குமிழ்.
வேகம், ஆழம், திரும்பி வருவது, கலவை.
அவற்றுக்குப் பின்னால் ஓர் அலை,
ஐந்து நொடிக்கு ஒரு சுற்று,
காதுக்கு எட்டாத மந்தம்.
அதை யாரும் கேட்டதில்லை.
அது அசைப்பதைத்தான் கேட்கிறோம்.

சாயங்காலம் ஆறரைக்கு
தெரு முழுக்க விளக்கு போட்டதும்
வோல்டேஜ் தொய்யும்.
மின்விசிறி முனகும், தறிகள் சுருதி இறங்கும்,
எதிர்வீட்டில் மிக்சி பாதித் தேங்காயோடு திணறும்.
மின்வாரியத்தில் யாரோ
ஆழத்தைக் கூட்டிவிட்டார் என்று
நான் மட்டும் சிரித்துக்கொள்வேன்.

கழிப்பதை விட்டேன்.
தறிகள் இருக்கட்டும்.
குரலுக்குக் கோரஸ், கொஞ்சமாக:
அவளுக்கு இருபது மில்லிநொடி பின்னால்
அவளே, ஓர் இழை பிசகிய சுருதியில்.
கூட்டினால் கூட்டமாகிவிடும்,
அவள் தனியாக உட்கார்ந்து பாடியவள்.
கலவை முப்பது.
இருபத்தெட்டு.
மறுபடி முப்பது.
பால்காரர் மணி.

அம்பத்தூர் விளம்பரக் கம்பெனியிலிருந்து பதில்:
‘வாய்ஸ் ஓகே. பின்னால ஏதோ லாரி ஓடுது. எடுத்துடுங்க.’
சந்திரகளாவிடமிருந்து, பதினோரு மணிக்கு:
‘அக்கா, ரெண்டு மக்கம் கேக்குது.
மெதுவா போறது எங்க வீட்டுது.
முந்திப் போறது யாரு?’

கன்னியப்பன் என்று தட்டச்சு செய்தேன்.
அனுப்புமுன் சுவரில் காதை வைத்தேன்,
கடிகாரத்தைப் பார்த்தபடி.
காலையில் பெல்ட் மாற்றியிருக்கிறார்.
நூற்றுப்பதினைந்து.
இனி பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை.